பதினைந்து பல்

எங்கள் அணிக்குப் பதினான்கு வயது ஆகிறது. அதற்காக ஒரு மலர் போடுகிறார்கள். அதில் என் வீட்டுக்காரரைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று மேனேஜர் மேடம் சலவை அறைக்கே வந்து கேட்டார். "கூட இருந்து பார்த்தவங்க நீங்கதான். அந்தப் பல் எண்ணுற வழக்கம் எப்படி வந்துச்சுன்னு எழுதுங்க. நம்ம டீமுக்கு முகவரியே அதுதானே" என்றார். நான் ஈர ஜெர்சியை உதறிக்கொண்டே தலையாட்டிவிட்டேன். தலையாட்டிய பாவத்துக்கு இப்போது எழுதுகிறேன்.

அந்த வழக்கத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் ஓட்டுவது பந்தய வட்டத்தில் மட்டும் ஓடும் ஓடுதள சைக்கிள். பிரேக் கிடையாது, கியர் மாற்றவும் முடியாது. பின்சக்கரத்தில் ஒரே ஒரு பல்சக்கரம். அதில் எத்தனை பல் என்பதுதான் வண்டியின் குணம். பல் குறைந்தால் மிதி கனக்கும், வேகம் கூடும். பல் கூடினால் கால் லேசாகச் சுற்றும், வண்டி பின்தங்கும். எங்கள் அணியில் யார் பந்தயத்துக்கு இறங்கினாலும், ஓட்டுபவர் பல்சக்கரத்தில் விரலை வைக்க, இவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். கடைசிப் பல்லை இருவரும் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் மற்ற அணிக்காரர்கள், "என்னய்யா, ஒண்ணாங்கிளாஸ்ல வாய்ப்பாடு ஒப்பிக்கிறீங்களா?" என்று கேலி செய்தார்கள். இப்போது அவர்களில் பாதிப் பேர் அதையே செய்கிறார்கள்.

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்து வந்தது. அவள் பெயரைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. மலருக்கு ஏற்ற கதை இல்லைதான். ஆனால் கேட்டது வழக்கத்தின் கதை, இருப்பது இது ஒன்றுதான். எழுதியதை இவரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். இவர் அங்கே மெஷின் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பார்களே, இவர் ஒரு முத்தைக்கூட வீணாக்காத ஆள். என் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. வந்தார், பார்த்தார், "ஊசி தப்பு" என்றார், மாற்றினார், போனார். எனக்கு அந்த இரண்டு வார்த்தை பிடித்துப்போனது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முறை நானே நூலை அறுத்துவிட்டு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தேன். நாலாவது தடவை மெஷினைத் தொடாமலே என்னைப் பார்த்து, "நூல் அறுந்துச்சா, அறுத்தீங்களா?" என்று கேட்டார். எங்கள் கல்யாணப் பேச்சு அவ்வளவுதான்.

எதையும் எண்ணுவது இவருக்குப் பழக்கம். வீட்டுப் படி பதினெட்டு, என் இயந்திரத்தின் அடித்தட்டில் திருகாணி பதினொன்று. ஒரு திருகாணி கூட மிஞ்சாமல் எதையும் பிரித்துப் பூட்டுவார். கை தவறாத ஆள் என்று ஆலையில் பெயர். அந்தப் பெயர்தான் பிறகு எல்லாக் கெடுதலையும் செய்தது.

ஆலையை மூடினார்கள். அரை வருஷம் இவர் வீட்டுச் சாமான்களையெல்லாம் பிரித்துப் பூட்டினார். பிரிக்க எதுவும் மிச்சமில்லாத சமயத்தில், ஒரு பெயிண்ட் கம்பெனி எங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு சைக்கிள் அணி ஆரம்பிக்கிறது, மெக்கானிக் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. வட்டாரத்தில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து ஓட்டும் முதல் அணி. "சைக்கிள்தானே, ரெண்டு சக்கரம்தானே, போங்க" என்று நான்தான் பிடித்துத் தள்ளினேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பிரேக்கே இல்ல" என்றார். "அப்ப உங்களுக்கு வேலை குறைச்சல்தான்" என்றேன். அடுத்த மாதமே, அணியின் துணிகளைத் துவைத்துத் தைத்துக் கொடுக்கும் வேலை எனக்கும் கிடைத்தது. ஒரே ஒரு சலவை இயந்திரம், ஓர் அயர்ன் பெட்டி, ஓடுதளத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை.

இப்போது கூரைக்குக் கீழே, மரப்பலகை போட்ட ஓடுதளத்தைப் பார்ப்பவர்களுக்கு அன்றைய நிலைமையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். திறந்தவெளியில் சிமென்ட் தளம். இரண்டு பக்க வளைவும் அலமாரியில் சாய்த்து வைத்த தட்டு மாதிரி நிற்கும். விரிசலில் புல் முளைத்திருக்கும். ஓட்டுகிறவர்களே காலையில் துடைப்பம் எடுத்துப் பெருக்கிவிட்டுத்தான் பயிற்சியை ஆரம்பிப்பார்கள். நாலு பேர்தான் அணி. போன இடமெல்லாம் தோல்வி. மற்றவர்கள் எங்களுக்கு வைத்த பெயர் 'பெயிண்ட் டப்பா'. முதல் வருஷம் முழுக்க நான் துவைத்ததில் வெற்றி பெற்ற ஜெர்சி ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது வருஷம் அந்தப் பெண் வந்தாள். அலுவலகத்துக்கு ஒரு பார்சல் கொடுக்க வந்தவள். பொட்டலங்களைச் சைக்கிளில் வைத்து ஊர் முழுக்கச் சுற்றுவதுதான் அவள் வேலை. கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரே கோச்சிடம் போய், "சார், ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் 'கூரியர்'. இருபத்தொரு வயது. பயிற்சி முடிந்ததும் என் அறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வாழைப்பழம் தின்றுகொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். என்னை அக்கா என்பாள், இவரை அண்ணா என்பாள். காது மந்தமான அம்மா ஒருத்தி மட்டும்தான் அவளுக்கு வீட்டில். அணியில் இடம் கிடைத்தால் பொட்டலம் சுமப்பதை விட்டுவிடலாம் என்று நாளுக்கு ஒரு முறையாவது சொல்வாள்.

அவளிடம் ஒரு திறமை இருந்தது. வண்டியில் ஏறி அரைச் சுற்று போனாலே போதும். "அண்ணா, பின்னாடி காத்து கொஞ்சம் கம்மி" என்பாள். இவர் அளந்து பார்ப்பார், கம்மியாகத்தான் இருக்கும். "சீட்டு ஒரு நூல் அளவு இறங்கியிருக்கு" என்பாள். இறங்கியிருக்கும். "அவ காலுக்குக் கண்ணு இருக்கு" என்று இவர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். கேட்காமல் இவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

அந்த வருஷக் கடைசியில் கம்பெனி இன்னும் மூன்று வருஷத்துக்கு அணியை நடத்துவதாகச் சொன்னது. ஆனால் ஐந்து பேருக்குத்தான் சம்பளம். ஓட்டுகிறவர்கள் அதற்குள் எட்டுப் பேர். தேர்வு வைத்தார்கள். பெண்களுக்கு மூவாயிரம் மீட்டர். மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடிக்குள் முடித்தால் இடம். பயிற்சியில் அவள் அதை இரண்டு முறை முடித்திருந்தாள். எங்களுக்கெல்லாம் அவள் உள்ளே வந்துவிட்ட மாதிரிதான்.

உடம்பைச் சூடாக்க ஓட்டும்போது பதினைந்து பல் மாட்டுவார்கள், லேசாக இருக்கட்டும் என்று. ஓட்டத்துக்கு முன் அதைக் கழற்றிப் பதினான்கு மாட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. அன்று அவள் வண்டியைத் திருப்பி வைத்துவிட்டு, பதினான்கைக் கையில் எடுத்திருந்தார் இவர். அந்த நேரம் பார்த்து என் சலவை இயந்திரத்தின் குழாய் பிய்த்துக்கொண்டது. அறை முழுக்கத் தண்ணீர், எட்டுப் பேரின் துணியும் தரையில் மிதக்கிறது. நான் போனில், "இப்பவே வாங்க, இல்லன்னா நானும் மிதந்துடுவேன்" என்று கத்தினேன். ஓடி வந்தார். வால்வை மூடினார், குழாயைக் கட்டினார். அதற்குள் ஒலிபெருக்கியில் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். முழங்கால்வரை நனைந்து அப்படியே ஓடினார்.

நானும் பின்னாலேயே போய் வேலியோரம் நின்று பார்த்தேன். அவள் கால் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது, எனக்கே தெரிந்தது. நன்றாக ஓட்டுகிறாள் என்று நினைத்துக் கை தட்டினேன். விவரம் தெரியாதவள் கைதட்டுவதற்கு என்ன குறைச்சல். மூன்று நிமிடம் ஐம்பத்து நான்கு வினாடி என்று பலகை சொன்னது.

அவள் இறங்கி நேரே கோச்சிடம் வந்தாள். மூச்சு வாங்கியது. "சார், பல்லு தப்பு. லேசா இருந்துச்சு. பதினஞ்சு மாதிரி இருந்துச்சு."

இவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோச் இவரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன பல்லுப்பா மாட்டினே?"

"பதினாலு" என்றார் இவர்.

"கேட்டுக்கிட்டியா? அவன் கை தவறாது" என்றார் கோச்.

"எண்ணிப் பார்க்கலாம் சார். எண்ணிட்டா தெரிஞ்சுடும்."

"நேரத்தை விட்டுட்டு இப்ப பல்லு எண்ணுவாளாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் கோச். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மறுபடி பேச ஆரம்பித்தாள், கோச் குரலை உயர்த்தினார். அந்த வாக்குவாதத்தில் தலையிடாமல் இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டார். எப்போதும் வேலையில் கண் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் காலை இவருடைய ஏப்ரனைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. ஒரு பல்சக்கரம். இவர் மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். "இதைப் போட்டிருந்தா என் மெஷின் என்ன ஆகியிருக்கும்?" என்று கொண்டுபோய் முன்னால் வைத்தேன். இவர் முகம் வெளுத்தது. கையில் எடுத்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவினார்.

"பதினாலு" என்றார். "மாட்ட மறந்துட்டேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பதினான்கு பாக்கெட்டில் இருந்தால் வண்டியில் இருந்தது பதினைந்து. அவள் சொன்னது உண்மை. நான் தண்ணீர் வருகிறதென்று கத்திய கத்தில் இவருக்குப் பல் மறந்துபோயிருக்கிறது.

"கோச்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்தேன். ஏனென்றால் பதில் சொன்னது நான். "வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றேன். "தேர்வு நாள்ல இப்படிப் பண்ணின ஆளை எவன் வேலைக்கு வச்சுப்பான்? மறுபடி வீட்ல உட்கார்ந்து பீரோவைப் பிரிக்கப் போறீங்களா? அவ சின்னப் பொண்ணு. இந்த டீம் இல்லன்னா இன்னொண்ணு. போனது போச்சு." அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் கையில் வாழைப்பழம் வாங்கித் தின்ற பெண்ணைப் பற்றி.

இன்னொன்று அவளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறு அணியிலிருந்து அவளைப் பற்றி விசாரித்துப் போன் வந்தது. கோச்சின் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். நான் ஜெர்சி மடித்துக்கொண்டிருந்தேன். "நல்லாத்தான் ஓட்டுவா. ஆனா தோத்தா சாமானைக் குறை சொல்லுவா. அந்த மாதிரி ஆள் டீமுக்கு ஆகாது" என்று அவர் சொன்னது கணீரென்று கேட்டது. எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். ஆறு தப்படிகூட இல்லை. நான் அடுத்த ஜெர்சியை எடுத்தேன்.

அணியில் அவளுக்குக் 'கூடம்' என்று பெயர் விழுந்திருந்தது. அவள் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. யாராவது வண்டி சரியில்லை என்று வாய் திறந்தால், "என்னடா, கூடம் கோணலா?" என்பார்கள். அறை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வருமோ என்று ஒருமுறை; பிறகு பழக்கத்தில்.

இவர்தான் சிரிக்கவில்லை. மூன்றாவது வருஷத்தின் முதல் பந்தயத்தில் ஓட்டுகிறவனை நிறுத்தி, "விரலை வை" என்றார். எண்ணினார். கோச் எரிச்சல்பட்டார், ஆனால் இவர் விடவில்லை. அப்படி ஆரம்பித்ததுதான் மேடம் கேட்ட வழக்கம். ஆறாம் வருஷம் ஓடுதளத்துக்குக் கூரை வந்தது. ஒன்பதாம் வருஷம் மரத்தளம் வந்தது, கோச் வேறு வேலைக்குப் போனார், மேடம் மேனேஜராக வந்தார். 'பெயிண்ட் டப்பா' என்றவர்கள் எங்கள் பட்டறையைப் பார்க்க வந்தார்கள். என் அறையில் மூன்று இயந்திரங்கள். எல்லாரும் இவரிடம், "எப்படி சார் இந்த யோசனை வந்துச்சு?" என்று கேட்பார்கள். இவர் "தோணுச்சு" என்பார். அடக்கமான மனிதர் என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

மேடம் கேட்டுவிட்டுப் போன பிறகு ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். 'என் கணவர் மிகுந்த கவனம் உடையவர்' என்று ஒரு வரி எழுதுவேன், கிழிப்பேன். கடைசியில் இவரிடம், "என்னால பொய் எழுத முடியல. அவளைப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டார். எங்கே இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக இவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் இப்போது பார்சல் கிடங்கில் பொட்டலங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பெல்ட்டுக்குப் பொறுப்பாளர். கிடங்குக்குப் பின்தெருவில் இரண்டாவது மாடி.

ஞாயிற்றுக்கிழமை காலை. கதவைத் திறந்தவளுக்கு முப்பத்துமூன்று வயது என்று சொல்ல முடியாது, அதற்கு மேலேயே தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஜன்னலோரம் நாற்காலியில் அவள் அம்மா உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

டீ வரட்டும், ஆறட்டும் என்று காத்திருந்தால் என் தைரியம் ஆறிவிடும். நின்றபடியே சொன்னேன். குழாய் உடைந்தது, நான் போன் போட்டது, இவர் மாட்ட மறந்தது, மறுநாள் காலை பாக்கெட்டில் பதினான்கு கிடைத்தது, நான் வாயை மூடச் சொன்னது. ஒன்றையும் விடவில்லை. "தப்புல பாதிக்கு மேல என்னோடது. நீ என்னைத்தான் திட்டணும்" என்று முடித்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. நெற்றியைச் சுருக்கி, கணக்கு ஒத்துவராதவளைப் போல என்னைப் பார்த்தாள்.

"பாக்கெட்ல இருந்தது பதினாலா அக்கா? நீங்க எண்ணினீங்களா?"

"நான் எங்கே எண்ணினேன்? இவர்தான் எண்ணிச் சொன்னாரு."

"நான் எண்ணினேனே" என்றாள். "அன்னைக்கு எல்லாரும் டீ குடிக்கப் போனப்ப நான் பட்டறைக்குள்ள போனேன். என் சக்கரம் கொக்கியில மாட்டியிருந்துச்சு. அதுல பதினாலுதான் இருந்துச்சு. மூணு தடவை எண்ணினேன்."

சக்கரத்தில் பதினான்கு. அப்படியானால் பாக்கெட்டில்? நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவர் மௌனத்துக்கு எத்தனையோ நல்ல அர்த்தம் கற்பித்திருக்கிறேன். அந்த மௌனத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஏங்க?" என்றேன்.

"மாத்தி வச்சேன்" என்றார்.

அப்புறம் சொன்னார், ஒவ்வொரு வாக்கியமாக. அவள் வண்டியிலிருந்து இறங்கும்போதே இவர் கண் பின்சக்கரத்துக்குப் போய்விட்டது. பதினைந்து என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கோச் கேட்டபோது தெரிந்தேதான் பதினாலு என்றார். அவள் எண்ணலாம் என்றதும் பயந்துபோய், அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பட்டறைக்குப் போய், பதினைந்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பதினான்கை மாட்டினார். இரண்டு நிமிட வேலை. மறுநாள் நான் மேசையில் வைத்தது பதினைந்து. எண்ணிவிட்டு என்னிடமும் பொய் சொன்னார்.

"மறந்துட்டேன்னு சொன்னா நீ மன்னிச்சுடுவேன்னு தெரியும்" என்றார் என்னைப் பார்த்து.

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. வாயை மூடுங்கள் என்று நான்தான் சொன்னேன், நான்தான் பாவி என்று இத்தனை வருஷம் நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்ததை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்டாரே, அந்தக் கேள்விகூட நான் வேண்டாம் என்பேன் என்று தெரிந்து கேட்டதுதான். ஆனால் கோபப்பட எனக்கு அங்கே என்ன உரிமை? மறந்தவருக்காக வாயை மூடச் சொன்னவள், மாற்றி வைத்தவருக்காக மட்டும் திறக்கச் சொல்லியிருப்பேனா? அந்த வீட்டுத் தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று நின்றேன்.

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "கோச் சொன்னதுக்காக நான் சைக்கிளை விடல அண்ணா" என்றாள். "அவர்கூட இன்னும் நூறு சண்டை போட்டிருப்பேன். மூணு தடவை எண்ணிப் பார்த்தேன் பாருங்க, அதுலதான் விட்டேன். என் காலு பதினஞ்சுன்னு சொல்லுது, கண்ணு பதினாலுன்னு பார்க்குது. எதை நம்புறது? கண்ணை நம்பினேன்."

இவர் வாய் திறந்தார். மன்னிப்பு என்று ஏதோ வந்தது. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"என்கிட்ட அப்புறம் சொல்லலாம். முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா. அவங்களுக்குக் காது கேக்காது."

இவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பல் எண்ணும்போதுகூடக் கடைசி எண்ணைத்தான் கொஞ்சம் உரக்கச் சொல்வார். போய் அந்த அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் நின்றார். அவர் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பொண்ணு வண்டியில அன்னைக்குத் தப்பான பல்லை விட்டு வச்சது நான்" என்றார். அந்த அம்மா காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தார். இவர் இன்னும் உரக்க, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். "தப்பு என்னோடது. அவ சொன்னது சரி. அது தெரிஞ்சும் பொய் சொன்னேன். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு மாத்தி வச்சதும் நான்."

அந்த அம்மா இவரைத் தாண்டி மகளைப் பார்த்தார்.

"அப்ப நீ சாக்கு சொல்லலையாடி?"

"இல்லம்மா."

"எதுக்கெடுத்தாலும் சாக்கு சொல்றவன்னு இத்தனை வருஷமா உன்னைச் சொல்லிக்கிட்டே இருந்தேனே. ஒருநாளாவது இல்லன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"நானும் அப்படித்தாம்மா நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் அவள்.